தன்பாலீர்ப்பு பிறவியிலேயே வருவதா, தேடிக்கொள்வதா? சேலத்து அப்பா ஒருவருக்கு

சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் போடவில்லை, அதுவே நல்லது. மூன்று பையன்களில் கடைசிப் பையனுக்கு 26 வயது, பெங்களூரில் வேலை. பெண் பார்த்து, தை மாதத்துக்கு மண்டபமும் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், ஒரு ராத்திரி அம்மாவிடம், "எனக்குப் பெண்கள் மேல் அந்த எண்ணமே வந்ததில்லைம்மா, ஆண்களைத்தான் பிடிக்கிறது" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்கிறார். "இது பிறவியிலேயே வருவதா, இவனாகத் தேடிக்கொண்டதா? ஏற்காட்டில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைத்தோம், அங்கே கெட்டுப்போனானா? வெள்ளியை உருக்கினால் வேறு டிசைன் போடலாமே, பையனை மாற்ற முடியாதா?" இதுதான் கேள்வி.

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் இருபத்தைந்து வருடமாக மனநல மருத்துவராக உட்கார்ந்திருக்கிறேன். இதே கேள்வியை அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு முறை தாய்மாமன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதில் அறிவியல் பங்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம், நாங்கள் எங்கே தப்பு செய்தோம், சரி செய்ய இன்னும் நேரம் இருக்கிறதா என்பது. பிறவியிலேயே வந்தது என்று சொன்னால் யார் மேலும் பழி இல்லை, ஆனால் மாற்றவும் முடியாது. அவனாகத் தேடிக்கொண்டது என்றால் கோபப்பட ஓர் ஆள் கிடைக்கிறான், மாற்றலாம் என்ற நம்பிக்கையும் கிடைக்கிறது. எந்தப் பதில் வந்தாலும் பாதி நிம்மதி, பாதி வலி. அது தெரிந்தேதான் எழுதுகிறேன், ஐயா.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையன் இந்த ஈர்ப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, யாரோடு வாழ்வது, இதெல்லாம் அவன் தேர்வு. யாரைப் பார்த்தால் மனம் படபடக்கிறது என்பது யார் கையிலும் இல்லை. முதல் ஈர்ப்பு எப்போது வந்தது என்று கேட்டால், எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களும் சரி, தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் சரி, பெரும்பாலும் பத்து வயதை ஒட்டிய காலத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த வயதில் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பில் பையன்கள் எல்லாரும் நோட்டு அட்டைக்குள் நடிகை படம் ஒட்டினார்களாம். இவரும் பத்திரிகையிலிருந்து ஒன்றைக் கத்தரித்து, பசை போட்டு ஒட்டினார். "ஒட்டாவிட்டால் ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்களே சார்." தேர்ந்தெடுத்தது அந்தப் படத்தை மட்டும்தான்.

அப்புறம் ஹாஸ்டல். ஏற்காட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்கள் மட்டும் தங்கிப் படித்தால் இப்படி ஆகிவிடும் என்பது உண்மையானால், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த அத்தனை தலைமுறையில் பாதிப் பேருக்குக் கல்யாணமே நடந்திருக்காது. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நடந்த பெரிய கணக்கெடுப்பிலும் இதைப் பார்த்தார்கள். விடுதிப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பள்ளி வயதில் அப்படிப்பட்ட அனுபவம் கொஞ்சம் அதிகம் இருந்திருக்கிறது, ஆனால் வளர்ந்த பிறகு மற்றவர்களைவிட அதிகமாக அவர்கள் தன்பாலீர்ப்பு உள்ளவர்களாக இல்லை. பப்புவா நியூ கினியில் சாம்பியா என்று மானுடவியலாளர்கள் அழைக்கும் ஒரு மக்கள் கூட்டத்தில், சிறுவர்கள் எல்லாருமே பல வருடம் சடங்காக ஆண்களோடு உறவு கொள்ள வேண்டியிருந்தது. வளர்ந்ததும் மிகப் பெரும்பாலோர் பெண்களையே விரும்பி மணந்து குடும்பம் நடத்தினார்கள். பழக்கம் ஈர்ப்பை உண்டாக்கும் என்றால் அங்கே உண்டாக்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஹாஸ்டலில் யாராவது அவனைத் துன்புறுத்தியிருந்தால் அது குற்றம், அவன் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தக் குற்றத்தை இந்த ஈர்ப்புக்குக் காரணமாக்கிவிடாதீர்கள்.

வளர்ப்பு விஷயத்தில் இன்னும் பலமான சான்று ஒன்று உண்டு, கேட்கக் கஷ்டமாக இருக்கும். பிறவிக் குறைபாட்டாலோ விபத்தாலோ ஆணுறுப்பு இல்லாமல் போன சில ஆண் குழந்தைகளை, அந்தக் கால மருத்துவர்கள் அறுவை செய்து பெண்ணாக வளர்க்கச் சொன்னார்கள். பாவாடை, பெண் பெயர், பெண்ணுக்கான வளர்ப்பு, எல்லாம். வளர்ந்த பிறகு அவர்கள் யாரை விரும்பினார்கள் என்று பதிவானவை ஏழு பேருடையவை. ஏழு பேரும் பெண்களைத்தான் விரும்பினார்கள். ஏழு என்பது சின்ன எண், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கைக்குழந்தையிலிருந்து பெண்ணாக வளர்த்தே ஓர் ஆணின் ஈர்ப்பை ஆண்கள் பக்கம் திருப்ப முடியவில்லை என்றால், நீங்கள் கடைக்குட்டி என்று கொஞ்சம் செல்லம் கொடுத்ததால் திரும்பிவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? அம்மா செல்லம், அப்பா விலகி இருந்தார் என்ற பழைய கதையைக் கட்டியவர்கள் அக்கால உளப்பகுப்பாய்வாளர்கள். தங்களிடம் மனம் நொந்து வந்தவர்களை மட்டும் பார்த்துக் கட்டினார்கள். பையன் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்து அப்பா விலகியிருக்கலாமே என்று யோசிக்கவில்லை. நம் வீடுகளில் இந்தப் பழி எப்போதும் அம்மா தலையில்தான் விடிகிறது. உங்கள் வீட்டில் இந்நேரம் விடிந்திருக்கும். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள்.

அப்படியானால் பிறவிதான் என்று எழுதி முடித்துவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். காரணம் முழுதாக யாருக்கும் தெரியாது. 1993இல் டீன் ஹேமர் என்ற அமெரிக்க மரபியலாளர், எக்ஸ் குரோமோசோம் என்ற மரபணு இழையின் ஒரு முனையில் இதற்குத் தொடர்பிருப்பதாக வெளியிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'கே ஜீன்', அதாவது தன்பாலீர்ப்பு மரபணு, என்று கொண்டாடின. 1999இல் வேறொரு குழு அதே இடத்தில் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. 2019இல் ஏறக்குறைய 4,77,000 பேரின் மரபணுக்களை வைத்து மிகப் பெரிய ஆய்வு வந்தது. தெளிவாகத் தொடர்பு தெரிந்த இடங்கள் ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அறியப்படாத ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், மனிதர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் 8 முதல் 25 சதவீதம் வரை விளங்குகிறது. ஒருவர் ரத்தத்தைப் பரிசோதித்து இவர் யாரை விரும்புவார் என்று சொல்ல வழியே கிடையாது. அப்படி ஒரு பரிசோதனை இருப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, அந்த ஆய்வு கேட்டது 'ஒரு முறையாவது தன்பால் உறவு கொண்டதுண்டா' என்ற கேள்வியைத்தான். ஈர்ப்பும் அதுவும் ஒன்றல்ல, அதனால் அந்த எண்களை வைத்து நான் பெரிதாக வாதாட மாட்டேன்.

ஒரே கரு இரட்டையரிடமும் இதே கதை. ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவரானால் மற்றவரும் அப்படி இருக்கும் வாய்ப்பு மற்ற சகோதரர்களைவிட அதிகம், ஆனால் நூற்றுக்கு நூறு கிடையவே கிடையாது. பல ஜோடிகளில் ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி. "பார்த்தீர்களா, பிறவி இல்லை" என்று சிலர் இதை வைத்துச் சொல்வார்கள். பிறவி என்பதும் மரபணு என்பதும் ஒன்று என்று நினைப்பதால் வரும் குழப்பம் அது. கருப்பையில் ஒன்பது மாதம் நடப்பதும் பிறவியில்தான் சேர்த்தி.

உங்கள் மகன் மூன்றாவது ஆண் பிள்ளை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியது என் கண்ணில் பட்டது. கனடாவில் பிளான்சர்ட், போகேர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இலிருந்து வெளியிட்டுவரும் ஆய்வுகளின்படி, ஒரே தாய் வயிற்றில் மூத்த ஆண் பிள்ளைகள் எத்தனை பேரோ, அந்த அளவுக்கு அடுத்த பையனுக்கு இந்த வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வோர் அண்ணனுக்கும், இருக்கிற வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 2006இல் போகேர்ட் தத்து அண்ணன்கள், மாற்றாந்தாய் அண்ணன்களை வைத்துப் பார்த்தபோது அந்த விளைவு இல்லை. தனித்தனி வீட்டில் வளர்ந்தாலும் ஒரே தாய் வயிறானால் இருந்தது. ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்குகிறது, அது அடுத்தடுத்த ஆண் கருவின் மூளை வளர்ச்சியைத் தொடுகிறது என்பது அவர்கள் ஊகம். 2018இல் அந்தப் புரதம் எதுவென்றும் ஓரளவு அடையாளம் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு, அதுதான் காரணம் என்று துள்ளிவிடாதீர்கள். அண்ணன் இல்லாத பையனுக்கு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது பையனுக்கு அது மூன்றரை ஆகிறது, அவ்வளவுதான். மிச்சம் 96 மூன்றாவது பையன்களும் பெண் பார்க்கத்தான் போகிறார்கள். தன்பாலீர்ப்பு உள்ள மூத்த பிள்ளைகளும் ஏராளம். கணக்கு போட்ட முறையே சரியில்லை என்று சில புள்ளியியலாளர்கள் அண்மையில் கேள்வி எழுப்பியும் இருக்கிறார்கள். உங்கள் பையன் விஷயத்தில் இதுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது, வேறு எந்த மருத்துவராலும் முடியாது.

பட்டறையில் பீச்சாங்கைக்காரர் யாராவது இருக்கிறார்களா? பத்தில் ஒருவர் இருப்பார். அவர் ஊதுகுழலை எந்தக் கையில் பிடிக்கிறார், குறடு எந்தக் கையில் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். இடது கைப் பழக்கத்துக்கு ஒற்றை மரபணு கிடையாது. அதிலும் ஒரே கரு இரட்டையரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஜோடிக்குக் கை மாறியிருக்கும். காரணம் முழுதாகத் தெரியாது. ஆனாலும் அவர் இடது கையைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. என் அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர், இடது கைக்காரர். திண்ணைப் பள்ளியில் முட்டியில் அடித்து அடித்துச் சோற்றாங்கையில் எழுத வைத்தார்கள். கையெழுத்து கடைசிவரை கோழி கிளறினாற்போலத்தான். தறியில் இழை அறுந்தால் அதை முடிய எந்தக் கை முதலில் போகும் என்று எனக்குத் தெரியும்.

இனி மாற்ற முடியுமா என்பது. இதற்கு என் தவறு ஒன்றைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. 1973இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது, 1990 மே 17இல் உலக சுகாதார நிறுவனமும் எடுத்தது. ஆனால் நான் படித்த காலத்தில், தன் ஈர்ப்பை ஏற்க முடியாமல் வருந்துகிறவருக்கென்று பட்டியலில் இன்னொரு பெயர் மிச்சம் இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் நுழைந்தோம். தொழில் தொடங்கிய புதிதில் ஓர் இளைஞரை அவர் அம்மா அழைத்துவந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆண் ஒருவரைப் பார்த்து மனம் போனால் அதை இழுத்து விட வேண்டும், சுள்ளென்று வலிக்க வேண்டும். எத்தனை முறை என்று ஒரு பாக்கெட் நோட்டில் கோடு போட்டு வர வேண்டும். வாரா வாரம் நோட்டைக் கொண்டுவந்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, கல்லாப்பெட்டிக் கணக்கு மாதிரி. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம். ஆறு மாதத்தில் கோடுகள் குறைந்தன. "சரியாகிவிட்டது டாக்டர்" என்றார். முன்னேற்றம் என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் கல்யாணப் பத்திரிகை வந்தது.

மூன்று வருடம் கழித்து அவர் மனைவி வந்தார், தனியாக. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், என்கிட்ட என்ன குறை?" அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவர் கணவரின் அனுமதியில்லாமல் அதைச் சொல்லவும் முடியாது. பிறகு கணவரே வந்தார். கோடுகள் ஏன் குறைந்தன என்று கேட்டேன். "அம்மா உங்களுக்கு ஃபீஸ் கொடுக்க நகை வைக்க ஆரம்பித்தார்கள் சார், அதனால் கோடு போடுவதை நிறுத்தினேன்" என்றார்.

என் ஒருவனின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லவில்லை. மேலை நாடுகளில் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள், வாந்தி வரும் ஊசி போட்டார்கள், ஜெபம் செய்தார்கள். ராபர்ட் ஸ்பிட்சர் என்பவர், 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்த அந்த முடிவில் முக்கியப் பங்கு வகித்த மருத்துவர். அவரே 2003இல், சிலரால் மாற முடிகிறது என்று கட்டுரை வெளியிட்டார். மாறியதாகச் சொன்னவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியது தவறு என்று 2012இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். என் பாக்கெட் நோட்டு நினைவுக்கு வந்தது. மாற்றும் சிகிச்சை பலித்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுகின்றன என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. உங்கள் உதாரணத்திலேயே சொன்னால், வெள்ளியை எத்தனை முறை உருக்கினாலும் டிசைன்தான் மாறும், தங்கம் ஆகாது.

சட்டமும் இப்போது தெளிவு. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையைச் சேர்ந்த இரு பெண்களின் வழக்கில், தனக்கே இது புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். மாற்றும் சிகிச்சை கூடாது என்று அதில் சொன்னார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே "மூன்றே மாதத்தில் மாற்றித் தருகிறேன்" என்று எந்த டாக்டராவது சொன்னால், அவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கல்யாண உரிமை மட்டும் இன்னும் வரவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

பெண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. சில பெண்களுக்கு ஈர்ப்பு வாழ்நாளில் தானாகவே அசைகிறது, லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் பத்து வருடம் பின்தொடர்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறார். தானாக அசைவது வேறு, பிறர் அசைப்பது வேறு. இன்னொரு விஷயமும் எனக்குப் படுகிறது. பிறவியிலேயே வந்தது, பாவம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சும் தொனி எனக்குப் பிடிப்பதில்லை. மதம் மாறுவது தேர்வுதான், அதற்காக ஒருவரை அடிக்கலாமா? நாளைக்கே ஏதாவது ஆய்வு வந்து பிறவியின் பங்கு பாதிதான் என்றால், உங்கள் பையன் பாதி மகனாகிவிடுவானா?

அவனை நான் பார்த்ததில்லை, அதனால் அவன் மனநிலை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். இந்த நாட்களில் அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று விசாரியுங்கள், பேச்சில் விரக்தி தெரிந்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம், உங்கள் மனைவியும் பேசலாம். ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அண்ணன்களிடம் சொல்வதானாலும் அவனைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது, தை மாதம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். பெண் வீட்டுக்கு இந்த வாரமே போய், சம்பந்தம் வேண்டாம், குறை எங்கள் பக்கம்தான், பெண்ணிடம் ஒன்றுமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். காரணம் கேட்டால், பையனுக்கு விருப்பமில்லை என்பது போதும், அது பொய்யும் இல்லை. மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார். போகட்டும்.